சுழியோடி கூட்டிவிட்ட காற்று

ஒட்சிசன் நல்லதுதானே, கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பவர்களோடு வேலைக்காலம் முழுக்கச் சண்டை பிடித்தவள் நான். வார்ட்டில் பிடித்தேன். பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரரோடு பிடித்தேன். ஒருமுறை மூதூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரோடும் பிடித்தேன். ஓய்வு பெற்றால் உம்மாவின் வாயும் ஓயும் என்று என் மகன் நம்பியிருந்தான். பாவம்.

போன மாதம் என்னோடு வேலை செய்த தாதி ஒருத்தி போனில் கோல் எடுத்தாள். எங்கள் பழைய பிரிவுக்குப் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். குறைமாதப் பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசன் கூடினால் அதுவே குறைக்குமாம், குறைந்தால் அதுவே கூட்டுமாம். “இனி ஒட்சிசன் குமிழைத் திருகிற வேலையே இல்லை அக்கா. புதுசா வந்த பிள்ளையள் சிரிக்கிறாங்க, கையாலயா திருகினீங்க எண்டு. ஒருக்கா வந்து அவங்களோட கதைங்களேன்” என்றாள். நான் போகவில்லை. நாலு பேருக்கு முன்னால் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், சொல்ல வந்தது தொலைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இயந்திரம் வந்தது மிக நல்ல விஷயம். ஆனால் அந்தக் குமிழை ஏன் அவ்வளவு பயந்து பயந்து திருகினோம் என்று தெரியாத ஒருத்தி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

நான் மூதூர்க்காரி. பயிற்சி முடித்தது மட்டக்களப்பில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரித்தோம், ஊசி போட்டோம், ஏச்சு வாங்கினோம். பிறகு வார்ட் வார்டாகச் சுற்றி, கடைசியில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வந்து விழுந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் குடா கடந்து வேலைக்கு வந்த காலமும் உண்டு, பாலங்கள் போட்டபின் பஸ்ஸில் தூங்கி விழுந்து வந்த காலமும் உண்டு.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான குழந்தை மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். நெடிய மனிதர். இன்குபேட்டருக்கு முன்னால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. அவர் எங்களை ஒருநாளும் ஏசியதில்லை. எங்களோடு நேரே கதைப்பதே குறைவு. சொல்ல வேண்டியதையெல்லாம் உள்ளே கிடக்கும் பிள்ளைக்குத்தான் சொல்வார். நான் சேர்ந்த வாரம், என் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்தார். “தங்கச்சி, உன்ர மிஸி மோதிரத்தோட நிக்கிறா. அதுக்குக் கீழ எத்தினை கிருமி குடித்தனம் நடத்துதெண்டு அவவிட்ட ஒருக்காக் கேளன்.”

எனக்குக் குப்பென்று வேர்த்தது. நேரே ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். ஒரு கிலோகூட இல்லாத பிள்ளையோடு எப்படி வாய்க்கு வாய் காட்டுவது? மோதிரத்தைக் கழற்றியவள்தான், வேலையை விடும்வரை அதைப் போடவில்லை.

குறைமாதப் பிள்ளைக்கு மூக்குக் குழாயால் வயிற்றுக்குள் தாய்ப்பால் கொடுப்போம். சொட்டுச் சொட்டாகத்தான். அந்த அளவைக் கூட்டு, கூட்டு என்று டொக்டர் நிற்பார். எனக்கு அது விளங்கவில்லை. ஏன் இந்த அவசரம் என்று ஒருநாள் கேட்டேன். வழக்கம்போலப் பிள்ளைதான் பதில் பெற்றது.

“உன்ர கண்ணுக்காகத்தான் ராசா. நீ இன்னும் அம்மாவின்ர வயித்துக்குள்ள இருக்கவேண்டிய ஆள். அங்க இருந்தா அம்மாவின்ர உடம்பும் நஞ்சுக்கொடியும் உனக்கு வேண்டிய ஓமோனெல்லாம் தந்து கொண்டிருக்கும். அதில ஒருத்தி இன்சுலினுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி. உன்ர விழித்திரையில இருக்கிற நரம்புக் கலங்களைச் சாகவிடாமக் காக்கிறதும், அதுகளுக்குச் சாப்பாடு கொண்டு போற இரத்தக் குழாயை வளர விடுறதும் அவதான். நீ அந்தரப்பட்டு வெளியில வந்திட்டாய். கொடியை வெட்டினதோட அவவின்ர வரவும் நிண்டு போச்சு. இனி நீதான் அதைச் செய்யவேணும். பட்டினி கிடக்கிற பிள்ளை செய்யாது. பால் போகவேணும், நிறை கூடவேணும், அப்பதான் ஓமோன். விளங்குதே?”

பிள்ளை கொட்டாவி விட்டது. எனக்கு விளங்கியது.

ஒட்சிசன் கதை அதோடு சேர்ந்ததுதான். விழித்திரையின் ஓரத்தில் இருக்கும் நரம்புக் கலங்களுக்குக் கொஞ்சம் தாகம் இருக்க வேண்டும். அந்தத் தாகத்தில்தான் அவை இரத்தக் குழாயைத் தம் பக்கம் கூப்பிடும். ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தால் தாகம் தீர்ந்துவிடும், கூப்பிடாது, குழாய் பாதி வழியில் நின்றுவிடும். சில வாரம் போனபின், கண் வளர வளரத் தாகம் தாங்காமல் எல்லாம் சேர்ந்து கத்தும். அப்போது குழாய்கள் கண்டபடி முளைத்துத் திரையையே பிய்த்து எடுத்துவிடும். பிள்ளை பிறந்தது பார்வையோடு, வீட்டுக்குப் போவது குருடாக. ஒட்சிசன் குறைந்தால் மூளை போகும், கூடினால் கண் போகும். நடுவில் ஒரு சின்ன இடம். அந்த இடத்துக்குள் பிள்ளையை வைத்திருக்கத்தான் நாங்கள் காற்றும் ஒட்சிசனும் கலக்கும் அந்தப் பெட்டியின் குமிழைத் துளித் துளியாகத் திருகினோம்.

இனி ஆரணியின் கதைக்கு வருகிறேன். கொரோனா அடங்கிக்கொண்டு வந்த நேரம். ஒட்சிசன் இல்லாமல் சனம் செத்ததை ரீவியில் பார்த்துப் பார்த்து ஊரே கிலி பிடித்திருந்தது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து கோமதி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை. இரத்த அழுத்தம் ஏறி வலிப்புக்குக் கிட்டப் போய்விட்டாள். உடனே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். என் விரல் நுனிக்கும் முழங்கைக்கும் இடையில் அடங்கிய பெண்பிள்ளை. அவள்தான் ஆரணி. நீலமாக வந்தாள். மூக்கில் ஒட்சிசன் குழாயைப் பொருத்தி, பெட்டிக்குள் வைத்தபின்தான் நிறம் திரும்பியது.

கோமதி வேறு வார்ட்டில் கிடந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தவர் அவள் கணவர் யோகன். கடலட்டையும் சங்கும் எடுக்கும் சுழியோடி. முதுகில் சிலிண்டரோடு ஆழத்துக்குப் போகிறவர். அகன்ற தோள், கதை குறைவு. பகல் சாப்பாட்டு நேரம் முடிய வருவார், கை கழுவச் சொன்னால் சொன்னதைவிட நேரம் எடுத்துக் கழுவுவார், பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருப்பார். இப்படி ஓர் அப்பன் கிடைக்க வேண்டுமே என்று எங்களுக்குள் கதைத்தோம்.

சில நாளில் எனக்கு ஒன்று இடித்தது. நான் குமிழைக் குறைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்த்து வந்தால், ஆரணியின் மொனிட்டர் இலக்கம் மேல் எல்லையையும் தாண்டி நிற்கும். எங்களிடம் இருந்தது பழைய மொனிட்டர். குறைந்தால் கத்தும், கூடினால் வாயே திறக்காது. குமிழ்தான் தானாகச் சுற்றுகிறதாக்கும் என்று திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். அவர் குமிழ்ப் பெட்டியைக் கழற்றிப் பூட்டிவிட்டு, “இதில ஒரு பிழையுமில்ல மிஸி” என்றார். “அப்ப ஜின் பிசாசா வந்து திருகுது?” என்று அவருக்கும் ஏசி அனுப்பினேன்.

அன்று பகல் பால் சிரிஞ்சோடு திரும்பி வந்தபோது கண்டேன். யோகனின் இடது கை பிள்ளையின் காலடியில். வலது கை குமிழில்.

“கையை எடுங்க!”

திடுக்கிட்டார். ஆனால் எடுக்கவில்லை. “கத்தாதேங்க மிஸி. பிள்ளை முழிச்சிரும்.”

“எத்தினை நாளா இந்த வேலை?”

“வாற நாளெல்லாம்.” ஒளிக்கவில்லை மனிதர். “நீங்க குறைச்சுப் போட்டுப் போறீங்க. நான் கூட்டிப் போட்டுப் போறன். காத்துக்குத் தட்டுப்பாடெண்டா சொல்லுங்க. எங்கயாவது அலைஞ்சு நான் கொண்டு வந்து தாறன். ஏழையின்ர பிள்ளை எண்டு அவளுக்கு மட்டும் மிச்சம் பிடிக்காதேங்க.”

எனக்கு உச்சியில் ஏறியது. “ஆர் மிச்சம் பிடிக்கிறது? அவளுக்கு அந்த அளவு காணும்!”

“காணுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? காத்து முடியிறதெண்டா என்னெண்டு கண்டிருக்கிறீங்களா? என்ர மச்சானை, கோமதியின்ர அண்ணனை, கீழ இருந்து நான்தான் தூக்கிக் கொண்டு வந்தனான். சிலிண்டர் காலி. அவன்ர முகம் என்ன நிறத்தில இருந்ததெண்டு கோமதிக்கு நான் இன்னும் சொல்லேல்ல. இவளும் அதே நிறத்திலதான் மிஸி பிறந்தவள்.”

அவர் கையைப் பிடித்துக் குமிழிலிருந்து எடுத்தேன். குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டேன்.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, பெட்டிக்குள் குனிந்தார். “பிள்ளை, அப்பாவிட்ட ஒண்டு கேள். கடலுக்குக் கொண்டு போற சிலிண்டருக்குள்ள என்னத்தை நிரப்பிறவராம்?”

யோகன் விழித்தார். நான் பிள்ளையைக் காட்டினேன்.

“காத்து” என்றார் பிள்ளையிடம். “சும்மா காத்து.”

“தனி ஒட்சிசன் நிரப்பினா இன்னும் நல்லமெல்லே?”

“சீச்சீ! ஆழத்தில அது நஞ்சு டொக்டர். வலிப்பு வந்திரும். ஆளே முடிஞ்...”

வசனம் பாதியில் நின்றது. அவர் குமிழைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு கதிரையைத் தவறவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

டொக்டர் நிமிர்ந்தார். பெரியவர்கள் யாரோடும் அவர் முகத்துக்கு நேரே அப்படிக் கதைத்து நான் பார்த்ததில்லை. கண்ணையும் ஓமோனையும் தாகத்தையும் பற்றி எனக்குச் சொன்னதையெல்லாம் யோகனுக்குச் சொன்னார். “நீங்கள் கெடுதி நினைச்சுச் செய்யேல்லை. ஆனா உள்ளுக்குள்ள என்ன நடந்திருக்கெண்டு கண் டொக்டர் வந்து பாத்தால்தான் தெரியும். கண்ணுக்குள்ள இப்ப ஒண்டையும் திருப்பி எடுக்க ஏலாது. இனிச் செய்யக் கூடியது ரெண்டு. காத்து எல்லைக்குள்ள நிக்கவேணும். பிள்ளையின்ர நிறை கூடவேணும்.”

பொறுப்புச் சிஸ்டர் யோகனை இனி உள்ளே விடக்கூடாது என்று நின்றார். அவரில் பிழையில்லை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. “தாய் எழும்ப ஏலாமக் கிடக்கிறா. பிள்ளைக்கு நெஞ்சுச் சூடு ஆர் குடுக்கிறது, நீங்களா நானா? அந்த மனுசன் இனிக் குமிழைத் தொட்டா என்னை வீட்ட அனுப்புங்க” என்றேன். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வாய் நீளம் என்பது அவருக்குப் புதிதில்லை. டொக்டர் சரியென்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் முதல் யோகனின் சட்டையைக் கழற்ற வைத்து, பிள்ளையை அவர் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, துணியால் கட்டினேன். தோலோடு தோல் பட்டால் பிள்ளை சூட்டுக்காகத் தன் சக்தியைச் செலவழிக்காது, குடித்த பால் உடம்பில் ஒட்டும். அவர் அசையமாட்டார். மூச்சும் அப்படித்தான், சுழியோடி மூச்சு, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நான் ஒரு வேலை செய்து முடித்துவிடலாம். முதல் நாள் பயந்தே போனேன். “மகன், மூச்சு விடுங்க! இல்லாட்டிப் பிள்ளையின்ர மொனிட்டரைக் கழட்டி உங்களுக்குப் பூட்டுவன்” என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பிடிபட்ட அன்றே யோகன் நடந்ததையெல்லாம் கோமதியிடம் சொல்லிவிட்டார். அவள் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அழுதாள், பால் வற்றியது. நான் அவள் கட்டிலடிக்குப் போனேன். “கோவத்தைப் பிறகு வச்சுப் பிடி மகள். ஆயுசு கிடக்கு. இப்ப பால் வேணும்” என்றேன். சல்லியிலிருந்து பெண்கள் பால் சுரக்கவென்று சுறா வறையும் புட்டும் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பிடச் சாப்பிட அழுதாள், அழ அழச் சாப்பிட்டாள். பால் எடுத்துச் சின்னக் கோப்பையில் அனுப்பினாள். முதலில் கோப்பையின் அடிதான் நனைந்திருந்தது. நான் அதையும் விடாமல் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தேன். யோகன் சிரிஞ்சை உயர்த்திப் பிடிப்பார், பால் தானாக இறங்கும். ஆரணியின் நிறை அசையாமல் நின்றது, பின்பு கொஞ்சம் இறங்கிக் கலங்க வைத்தது, பின்பு ஏறத் தொடங்கியது. தராசைப் பார்த்து “அல்ஹம்துலில்லாஹ்” என்று நான் சொல்ல, பக்கத்தில் “அம்மாளாச்சி” என்றார் யோகன்.

கண் பார்க்கும் நாள் வந்தது. வேறு ஊரிலிருந்து வந்த கண் டொக்டர் இளம் பெண், வேகமான கை. புதுத் தாதிப் பிள்ளைகளுக்காக இதை விவரமாக எழுதுகிறேன். முதலில் கருமணி விரியச் சொட்டு மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப. வழிவதைத் துடைத்துவிட வேண்டும், தோலால் உள்ளே போனால் இதயத்துடிப்பு மாறும். பால் முன்னதாகவே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குள் போகும். யன்னல் சீலையை இழுத்துவிட வேண்டும். பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, நாக்கில் சீனித்தண்ணீர் ஒரு சொட்டு. விறைக்கும் மருந்து விட்டபின் மெல்லிய கம்பியால் இமையைத் திறந்து பிடிப்பார்கள். டொக்டர் நெற்றி விளக்கோடு வில்லையைப் பிடித்துப் பார்ப்பார், மழுங்கிய கொக்கியால் கண்ணை உருட்டி ஓரத்தைத் தேடுவார். தாதியின் இரண்டு உள்ளங்கைக்குள் தலை. அசையக் கூடாது. பிள்ளை கத்தும். கத்தட்டும். நம் கண் மொனிட்டரில் இருக்க வேண்டும்.

யோகன் வெளியே போக மாட்டேன் என்றார். சுவரோடு நின்றார். ஆரணி கத்திய கத்தலில் எனக்கே கண் நிறைந்தது.

கண் டொக்டர் விளக்கை அணைத்தார். “ரெண்டு கண்ணிலயும் விழித்திரை வருத்தம் தொடங்கியிருக்கு. வலது பக்கம் தானா மாறக் கூடும். இடது பக்கம் எனக்குப் பிடிக்கேல்லை. அடுத்த கிழமை திரும்பப் பாப்பம்.”

அடுத்த கிழமை வலது கண்ணில் வருத்தம் கூடவில்லை. குழாய் மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. இடது கண் எல்லை தாண்டிவிட்டது. லேசர் பிடிக்க வேண்டும், அதுவும் உடனே. எங்களிடம் லேசர் இல்லை. கொழும்புக்குப் போக வேண்டும். கட்டில் இல்லை என்றார்கள். எங்கள் டொக்டர் தொலைபேசியை எடுத்தார். அன்று மறுமுனைக்குக் கேட்ட குரல், பிள்ளைகளோடு கொஞ்சும் குரல் இல்லை. கட்டில் கிடைத்தது. அம்புலன்சில் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். வழி நெடுகக் குமிழைக் கூட்டியும் குறைத்தும் வந்தேன். யோகன் எதிரே இருந்தார். வழி முழுக்க இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

லேசர் முடிந்து வெளியே வந்த மருத்துவர், திரை கழன்று போகாமல் நிறுத்திவிட்டோம், ஆனால் நடுப்பகுதி இழுபட்டிருக்கிறது என்றார். வலது கண் பார்க்கும். இடது கண் வெளிச்சத்தையும் பெரிய உருவங்களையும் பார்க்கும், அவ்வளவுதான்.

யோகன் என்னிடம் வந்தார். “மிஸி, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. என்ர கையா?”

பக்கத்தில் நின்ற அம்புலன்ஸ் சாரதி, அப்படியெல்லாம் இல்லை தம்பி, எல்லாம் விதி என்று தொடங்கினார். நான் அவரை நிறுத்தினேன். “தெரியாது மகன்” என்றேன். “நீங்க தொடாட்டியும் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இது வரும். நீங்க தொட்டதால கூடியிருக்கவும் இடமிருக்கு. அதைப் பிரிச்சுச் சொல்ல ஒருத்தராலயும் ஏலாது. ஆனா பாலும் உங்கட நெஞ்சும் இல்லாட்டி மற்றக் கண்ணும் போயிருக்கும் எண்டு நான் நம்புறன்.” அவருக்கு ஓம் அல்லது இல்லை என்ற ஒன்று வேண்டியிருந்தது. எதுவானாலும் தாங்கியிருப்பார். என்னிடம் இரண்டும் இல்லை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் அதில் எனக்குக் கவலை இல்லை.

பிறகு கிளினிக், கண்ணாடி, நல்ல கண்ணை மூடிக்கட்டி மற்றக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்று வருடங்கள் போயின. யோகன் ஒரு கிளினிக்கையும் விடவில்லை. கோமதியும் அவரோடு கதைக்கத் தொடங்கினாள், எப்போது என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் ஆரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். போன பெருநாளுக்கு மூன்று பேரும் மூதூருக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். தடித்த கண்ணாடிக்குள் துருதுருவென்று ஒரு பிள்ளை. வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தாள். “மிஸி, இந்தக் கண் ஏன் வேலை செய்யுதில்ல?”

கோமதி கோப்பையைக் கீழே வைத்தாள். நீங்கள் அவசரப்பட்டுப் பிறந்தீர்கள் என்று தொடங்க வாயைத் திறந்தேன். யோகன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“மகள், நீங்க சின்னனில மிஸியோட ஆஸ்பத்திரியில இருந்தனீங்க. மிஸி உங்களுக்கு அளவாக் காத்து வச்சவ. அப்பா அதைக் களவாக் கூட்டி விட்டனான். கூட்டினது கூடாது. அதாலயும் கண் பழுதாப் போயிருக்கலாம்.”

ஆரணி யோசித்தாள். “ஏன் கூட்டினீங்க? எனக்கு மூச்சு முட்டினதா?”

“இல்ல மகள். நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. அப்பாவுக்குத்தான் முட்டினது.”

அவள் கதிரையிலிருந்து இறங்கி அவர் முகத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். எதையும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அவள் அப்படித்தான் கிட்டப் போவாள்.

“இப்பவும் முட்டுதா?”

யோகன் இல்லை என்று தலையாட்டினார். அவள் நம்பவில்லை. அவர் மூக்குக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தாள்.